மோப்ப வாரம்

எதிலும் மூக்கை நுழைக்காதே என்று
பதினான்கு வருடம் சொல்லி வளர்த்துவிட்டு
இப்போது நுழை என்கிறார்கள்.

எங்கள் மலை மாகாணத்தில்
அதற்குப் பெயரே மோப்பப் பயிற்சி.
ஒரு வாரம் ஒரு கடை, இல்லையென்றால் ஒரு பட்டறை.
போ, முகர்ந்து பார், பிடித்தால் சொல்.
வெள்ளிக்கிழமைக்குள் அவர்களும்
உன்னை முகர்ந்து முடித்திருப்பார்கள்.

முதலில் கூர் நகரத்து ரொட்டிக்கடை.
விடியற்காலை மூன்று மணி.
புளித்த மாவின் வாடை எனக்குப் பிடித்தது,
மூன்று மணிக்குத்தான் என்னைப் பிடிக்கவில்லை.
வியாழனன்று மாவு மூட்டைமேல் சாய்ந்து தூங்கிப்போனேன்.
யாரும் எழுப்பவில்லை.
மதிப்பீட்டுத் தாளில்
'ஆர்வம்' என்ற கட்டத்தை மட்டும்
காலியாக விட்டிருந்தார்கள்.

அடுத்தது காது கேட்கும் கருவி விற்கும் கடை.
அங்கே வாசனையே கிடையாது.
யார் யாருடைய காதிலிருந்தோ வார்த்தெடுத்த
இளஞ்சிவப்பு அச்சுகளை
இழுப்பறையில் அடுக்கினேன்.
இடது, வலது, இடது.
ஐந்து நாள்.

ஃபுளூரின் நுழைவுத் தேர்வில் தேறி
பெரிய பள்ளிக்குப் போகிறான்.
இன்னும் நான்கு வருடம்
அவன் எதையும் முகர வேண்டாம்.
அவன் அம்மாவைக் கூட்டுறவு அங்காடியில் பார்த்தால்
என் அம்மா முந்திக்கொள்கிறாள்:
"எந்தக் கதவும் மூடிவிடவில்லை, லதீனா பிறகும் படிக்கலாம்."
உண்மைதான்.
வழிகாட்டி மையத்தின் சுவரில்
அம்புக்குறிகளால் ஆன வரைபடம் ஒன்று தொங்குகிறது,
எந்த அம்பும் நடுவழியில் நிற்பதில்லை.
அதை ஏன் அம்மா
தயிர் அலமாரிக்கு முன்னால்
மூச்சிரைக்கச் சொல்கிறாள் என்பதற்குத்தான்
அதில் அம்பு இல்லை.

மூன்றாவது, ரோப்கார்.
நவம்பர். பனிச்சறுக்குக் கூட்டம் வர
இருபது நாள்.
பணிமனைக் கதவைத் தள்ளினேன்:
கிரீஸ், ஈரக் கம்பளி, சூடேறிய இரும்பு,
யாரோ ஹீட்டர்மேல் வைத்த ஆரஞ்சுத் தோல்.
கழுகுக்கு மூக்கில் வியர்த்ததுபோல்
எனக்கும் வியர்த்தது.

பணி உடுப்பு இரண்டு அளவு பெரிது.
"உன் அளவு யாரும் இதுவரை கேட்கவில்லை"
என்றான் கியாச்சன். இரண்டாம் வருடப் பயிற்சியாளன்,
பதினேழு வயது, மீசை முயற்சியில் இருந்தது.

முதல் கோபுரம், இருப்பதிலேயே குட்டை,
ஒன்பது மீட்டர்.
அம்மாவின் கையெழுத்து சட்டைப்பையில்.
கொக்கியை மாட்டு, இழுத்துப் பார், ஏறு.
மேலே உருளைகளை ஒவ்வொன்றாகக் கையால் சுழற்றி
காதை வைத்துக் கேட்க வேண்டும்,
உள்ளே கரகரக்கிறதா என்று.
ஆறாவது கரகரத்தது.
அவனுக்குக் கேட்கவில்லை, எனக்குக் கேட்டது.
மறுபடி சுழற்றினான். அவனுக்கும் கேட்டது.

அந்தச் சந்தோஷத்தில்
பதிமூன்றாம் எண் ஸ்பானர் கையைவிட்டுப் போனது.

சத்தமே இல்லை.
கீழே பனியில் ஒரு சின்னத் துளை.
கியாச்சனின் முகம் வெளுத்தது.
"ஆள் நின்றிருந்தால்?" என்றான். அவ்வளவுதான்.
நானே போய் அலுவலகத்தில் சொன்னேன்.
மண்வெட்டியால் மூன்று பேர் தேடினோம்,
மேலிருந்து பார்த்த துளை
கீழே வந்தபோது எங்குமே இல்லை.

'இன்று என்ன கற்றுக்கொண்டேன்' என்று
நாட்குறிப்பில் எழுத வேண்டும்.
கனமானது விழும்போது ஓசைப்படும் என்று
நம்ப வேண்டாம், என எழுதினேன்.

வெள்ளிக்கிழமைத் தாளில்
நேரந்தவறாமை: நன்று. கைத்திறன்: பரவாயில்லை.
செவி: இப்படி ஒரு கட்டம் அச்சில் இல்லை,
பேனாவால் வரைந்திருந்தார்கள்.
அடியில் ஒரு வரி:
ஒரு ஸ்பானர் பாக்கி.

கிறிஸ்துமஸுக்கு முன் கடிதம் வரும்.
எழுபது பேர் கேட்டிருக்கிறார்கள், இடம் இரண்டு.
மூக்குடைந்தால் உடையட்டும்.
அம்மா என் கம்பளித் தொப்பியைத் துவைக்க எடுத்தாள்,
முகர்ந்தாள்,
திரும்ப ஆணியிலேயே மாட்டிவிட்டாள்.

எடுத்தாலும் எடுக்காவிட்டாலும்
மே மாதம் பனி உருகும்போது
அந்தக் கோபுரத்தடிக்குப் போவேன்.
அதற்குள் துருப்பிடித்திருந்தால்
புதிது இருபத்திரண்டு ஃப்ராங்க்.
விசாரித்துவிட்டேன்.